வயலில் கிடந்த ஸ்ப்ரே: ஒரு பழைய பாய்மரப் படகைத் திரும்பக் கட்டிய கதை

வாங்கிய விலை ஒன்றுமில்லை. பொருள்களுக்கு ஆன செலவு 553 டாலர் 62 சென்ட். சொந்த உழைப்பு 13 மாதம்.

பழைய மரப்படகைச் சீரமைக்க ஆசைப்படுகிறவர்கள் என்றாவது ஒருநாள் இந்தக் கணக்கின் முன்னால் வந்து நிற்பார்கள். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபேர்ஹேவன் என்ற ஊரில், ஜோஷுவா ஸ்லோக்கம் என்ற கப்பல் கேப்டன் ஸ்ப்ரே என்ற சிறிய பாய்மரப் படகைத் திரும்பக் கட்டிய கணக்கு இது. வேலை தொடங்கியது 1892இல். பின்னால் அதே படகில் அவர் தன்னந்தனியாக உலகத்தைச் சுற்றி வந்தார். அப்படிச் சுற்றி வந்த முதல் மனிதர் அவர்தான். அந்தப் பயணத்தைப் பற்றி எவ்வளவோ பேசியாகிவிட்டது. அதற்கு முன்னால், கடலைப் பார்க்காத ஒரு வயலில் கழிந்த 13 மாதங்களைப் பற்றித்தான் பேச்சு குறைவு. படகு வேலையில் ஈடுபாடு உள்ள எனக்குப் பயணத்தைவிட அந்த மாதங்களே பெரிதாகத் தெரிகின்றன. படகு பிழைத்தது அங்கேதான்.

மேலே சொன்ன மூன்று எண்களில் முதல் இரண்டையும் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். இலவசமாகக் கிடைத்த படகு, ஐந்நூற்றுச் சொச்சம் டாலர், உலகப் பயணம் என்று கேட்கும்போது யாருக்கும் ஆசை வரும். மூன்றாவது எண்ணைத்தான் சுலபமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். அந்த 13 மாதம் யாருடைய 13 மாதம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஸ்லோக்கம் 1844இல் இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தவர். சிறு வயதிலேயே கடலுக்குப் போய், படிப்படியாகப் பெரிய பாய்க்கப்பல்களுக்குக் கேப்டன் ஆனவர். பிலிப்பைன்ஸில் சில காலம் தங்கி, ஒரு நீராவிக் கப்பலின் உடலைக் கட்டிக் கொடுத்திருக்கிறார். 1887இல் அவருடைய அக்விட்னெக் என்ற கப்பல் பிரேசில் கரையில் மணல்திட்டில் ஏறி நாசமாயிற்று. மனைவியும் இரண்டு மகன்களும் கூட இருந்தார்கள். கப்பலில் மிஞ்சியதையும் அங்கே கிடைத்த மரத்தையும் வைத்து 35 அடி நீளத்தில் ஒரு படகைக் கட்டினார். அதைத் தண்ணீரில் இறக்கிய 1888 மே 13 அன்றுதான் பிரேசிலில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. அதனால் படகுக்கு லிபர்டாடே, அதாவது விடுதலை, என்று பெயர் வைத்தார். அந்தப் படகிலேயே குடும்பத்தோடு அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்.

ஃபேர்ஹேவன் வயலுக்கு வந்த ஆள் இப்படிப்பட்டவர். எந்த மரம் எங்கே உதவும் என்பது அவர் கைக்குத் தெரியும். தச்சுக் கூலி என்று ஒரு காசும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அதையெல்லாம் விட்டுவிட்டு 553 டாலரை மட்டும் சொன்னால் அது பாதி உண்மைதான்.

வயலில் என்ன கிடந்தது?

அப்போது பாய்க்கப்பல்களின் காலம் முடிந்துகொண்டிருந்தது. நீராவிக் கப்பல்கள் வந்தபின் ஸ்லோக்கம் போன்ற கேப்டன்களுக்கு வேலை இல்லை. 1892 குளிர்காலத்தில் ஒருநாள் பாஸ்டனில் அவருக்குப் பழக்கமான ஈபன் பியர்ஸ் என்ற திமிங்கில வேட்டைக் கேப்டனைப் பார்த்தார். ஃபேர்ஹேவனுக்கு வந்தால் ஒரு கப்பல் தருவதாகவும், அதில் கொஞ்சம் பழுது பார்க்க வேண்டியிருக்கும் என்றும் பியர்ஸ் சொன்னார். ஸ்லோக்கமும் போனார்.

அந்தக் ‘கப்பல்’ தண்ணீரிலிருந்து தள்ளி, ஒரு வயலில், முட்டுக்கொடுத்து நிறுத்தப்பட்டு, மேலே கான்வாஸ் போர்த்திக் கிடந்தது. ஏழு வருஷமாக அப்படியே கிடந்ததாம். டெலவேர் பக்கத்தில் சிப்பி அள்ளப் பயன்பட்ட ஒற்றைப் பாய்மரப் படகு, அதாவது ஸ்லூப், என்று சொன்னார்கள். எப்போது கட்டியது என்று கேட்டால், ஆதியிலே கட்டியது என்று ஊர்க்காரர்கள் வேடிக்கையாகச் சொல்லும் அளவுக்குப் பழசு. ஸ்லோக்கம் கோடரியோடு வந்ததும், பிரித்து விறகாக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தார்கள். திரும்பக் கட்டப் போகிறேன் என்றதும், கட்டுபடியாகுமா என்று கேட்டார்கள். ஒரு வருஷத்துக்கும் மேலாக அவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தது இந்த ஒரு கேள்விக்குத்தான்.

ஏழு வருஷம் கரையில் கிடந்த மரப்படகுக்கு என்ன ஆகும்? மரப்படகுக்கு எமன் மழைநீர்தான். உப்பு ஏறிய மரத்தில் பூஞ்சை அவ்வளவு எளிதில் பிடிக்காது. மேல்தளத்தின் இடுக்கு வழியாக உள்ளே சொட்டும் நல்ல தண்ணீர், காற்று போகாத மூலையில் தேங்கி நின்றால், மரம் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும். வெளியே பெயின்ட் நன்றாகத்தான் இருக்கும். கத்தி முனையால் குத்தினால் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கும். இன்னொரு பக்கம், வெயிலும் காற்றும் பலகைகளைச் சுருக்கி, இடைவெளிகளைப் பிளக்க வைக்கும். ஒரே படகில் ஓர் இடம் ஈரத்தால் கெட்டிருக்கும், இன்னோர் இடம் காய்ந்ததால் கெட்டிருக்கும்.

ஒரு பலகையை மாற்ற உட்கார்ந்தால் அதைத் தாங்கும் கால் போயிருக்கும். காலை மாற்றப் போனால் அது நிற்கும் அடிமரம் போயிருக்கும். பழைய படகில் கை வைத்த எல்லாருக்கும் இந்தச் சங்கிலி தெரியும். ஸ்லோக்கம் பாதியில் ஒட்டுப்போடாமல் நேராக அடிமரத்துக்கே போனார். அவர் எடுத்த முடிவுகளில் மிகச் சரியானது இதுதான் என்பது என் கருத்து.

ஏராவும் வங்கும்

படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பை நம் கடற்கரைத் தச்சர்கள் ஏரா என்பார்கள். அதிலிருந்து இரண்டு பக்கமும் விலா எலும்புபோல வளைந்து எழும் கால்கள் வங்கு. முன்பக்கம் அணியம். இந்தச் சொற்களையே இங்கேயும் வைத்துக்கொள்கிறேன். மசாசூசெட்ஸ் படகுக்கும் அவை கச்சிதமாகப் பொருந்துகின்றன.

பக்கத்திலேயே நின்ற ஒரு தடித்த ஓக் மரத்தை வெட்டி ஏரா செய்தார் ஸ்லோக்கம். அதையும் மற்ற மரங்களையும் ஒரு விவசாயி சொற்பக் காசுக்கு வண்டியில் இழுத்துவந்து போட்டார். வங்குகளுக்கு நேராக வளர்ந்த இளம் ஓக் கன்றுகளை எடுத்தார். அவற்றை இழைத்து, ஆவிப்பெட்டியில் வைத்து, இளகியதும் ஒரு மரக்கட்டையின் மேல் போட்டு வளைத்து, வளைவு நிலைக்கும்வரை கட்டி வைத்தார். ஆவிக்குக் கொதிகலன் ஒரு சாதாரணப் பானைதான்.

ஆவியில் வளைப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மரத்தின் நார்களை ஒன்றோடு ஒன்று பிடித்து வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள் சூட்டில் இளகும். ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு மணி நேரம் ஆவி என்பது தச்சர்களின் கைக்கணக்கு. பெட்டியைத் திறந்து மரத்தை வெளியே எடுத்த கணத்திலிருந்து அவகாசம் மிகக் கொஞ்சம். ஒரு நிமிஷம் இரண்டு நிமிஷத்துக்குள் வளைத்துவிட வேண்டும். தயங்கினால் மரம் ஆறிவிடும். ஆறிய மரத்தை வளைத்தால் வெளிப்பக்கத்து நார் சடசடவென்று பிளக்கும். நன்றாகக் காய்ந்த மரத்தைவிடப் பச்சை மரம் இதற்கு நல்லது. காட்டிலிருந்து வெட்டிய கையோடு ஸ்லோக்கம் வேலை பார்த்தது இந்த வகையில் அவருக்கு உதவியது.

இன்னொரு விஷயம் மரத்தின் இனம். அவர் பயன்படுத்தியது வெள்ளை ஓக். ஓக் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், ஆனால் சிவப்பு ஓக் படகுக்கு ஆகாது. சிவப்பு ஓக்கின் துளைகள் திறந்தே இருக்கும். சின்னத் துண்டின் ஒரு முனையில் வாய் வைத்து ஊதினால் மறுமுனையில் காற்று வரும். வெள்ளை ஓக்கில் அந்தத் துளைகள் இயற்கையாகவே அடைபட்டிருக்கும், தண்ணீர் ஏறாது. அதிலும் ஸ்லோக்கம் தேடியது மேய்ச்சல் நிலத்தில் தனியாக நின்று வளர்ந்த ஓக்கை. அடர்ந்த காட்டில் வெளிச்சத்துக்குப் போட்டியிட்டு ஒல்லியாக நீளும் மரம் வேறு. வெட்டவெளியில் காற்றை எதிர்த்து நின்று, அகலமான வளையங்களோடு வளர்ந்த மரம் வேறு. ஓக்கைப் பொறுத்தவரை வேகமாக வளர்ந்த மரமே கனமானது, வலுவானது. அணியத்தின் முகப்புக் கட்டையை அப்படிப்பட்ட ஒரு மரத்தின் அடிப்பாகத்திலிருந்து செதுக்கினார். கப்பலுக்கு இதைவிட நல்ல மரம் உலகத்தில் முளைத்ததில்லை என்பது அவருடைய தீர்மானம். வருஷங்கள் கழித்து, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் கீலிங் தீவுகளில் அந்த முகப்பு ஒரு பவளத் திட்டில் மோதியது. பிளந்தது பவளம்தான். கட்டையில் ஒரு கீறல்கூட இல்லை.

புதிய ஏராவில் புதிய முகப்பை நிறுத்திய நாள் அந்த வயலில் பெரிய நாள். எதிர்க்கரையில் இருக்கும் நியூ பெட்ஃபோர்ட் அந்தக் காலத்துத் திமிங்கில வேட்டைக்குப் பேர்போன துறைமுகம். ஓய்வுபெற்ற கேப்டன்களுக்குப் பஞ்சமில்லை. அவர்கள் தூரத்திலிருந்தெல்லாம் வந்து சுற்றிப் பார்த்தார்கள். பனிக்கட்டியை உடைக்கும் முகப்பு இது என்று ஒரே குரலில் சொன்னார்கள். சீரமைப்பு வேலையில் இப்படி ஒரு கூட்டம் சுற்றி நிற்பது சாதாரண விஷயம் இல்லை. தனியாக வேலை செய்பவனுக்குத் தன் தவறு கண்ணில் படாது. வாழ்நாள் முழுக்க மரக்கப்பலில் கழித்த நாலு கிழவர்கள் தினமும் வந்து நின்றால், ஒரு சரிவு ஒரு நூல் தப்பினாலும் யாராவது சொல்லிவிடுவார்கள்.

வங்குகள் நின்று முடிப்பதற்குள் ஆப்பிள் மரங்கள் பூத்துவிட்டன. அடுத்து செர்ரி வந்தது. படகு நின்ற இடத்தை ஒட்டி ஒரு பழைய கல்லறை இருந்தது. இங்கிலாந்திலிருந்து குடியேறிகளை ஏற்றிவந்த மேஃப்ளவர் கப்பலில் வந்திறங்கிய ஜான் குக் என்பவருடையது. புதிய மேல்தளத்தில் நின்று கையை நீட்டினால் அந்தக் கல்லறை மேல் பழுத்துத் தொங்கும் செர்ரியைப் பறிக்கலாம். இதை எழுதி வைத்த மனிதர் வேலையை வெறும் வேலையாகச் செய்யவில்லை என்று தோன்றுகிறது.

பலகை, போல்ட்டு, கலப்பத்து

பலகைகள் ஜார்ஜியா பைன், ஒன்றரை அங்குலத் தடிமன். பிசின் நிறைந்த, கனமான பைன் மரம் அது. இந்த வேலை சலிப்பூட்டுவது என்று ஸ்லோக்கமே ஒத்துக்கொள்கிறார். ஒவ்வொரு பலகையையும் அதன் பக்கத்துப் பலகையோடு ஒட்டி, வளைவுக்கு ஏற்ப இழைத்து, மறுபடி வைத்துப் பார்த்து, மறுபடி இழைத்து... அதைச் சொல்லிக்கொண்டே போக ஒன்றுமில்லை, செய்துதான் தீர்க்க வேண்டும்.

ஆனால் பலகை முனைகளை அவர் பிடித்த விதத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு பலகை முடிந்து இன்னொன்று தொடங்கும் இடம் படகின் பலவீனமான இடம். அங்கே ஆணி அடித்தால் முனை பிளக்கும். பிளக்காவிட்டாலும் அலையில் படகு முறுக்கிக்கொள்ளும்போது ஆணி மெல்ல மெல்ல இளகும். ஸ்லோக்கம் அங்கெல்லாம் ஊடுருவும் போல்ட்டுகளைப் போட்டு உள்ளே நட்டு வைத்து வங்கோடு இறுக்கினார். படகு முழுவதும் இப்படிச் சுமார் ஆயிரம் போல்ட்டு. சின்னப் படகுக்கு இது அதிகம் என்று யாராவது சொல்லியிருக்கலாம். நான் சொல்லமாட்டேன். சீரமைத்த படகுகளில் முதலில் ஒழுகத் தொடங்குவது பெரும்பாலும் இந்த முனைகளில்தான்.

அப்புறம் கலப்பத்து. பலகைக்கும் பலகைக்கும் இடையே உள்பக்கம் ஒளி புகாதபடி ஒட்டியிருக்கும், வெளிப்பக்கம் சற்று விரிந்து ஆப்பு வடிவத்தில் ஒரு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்தில் நாரைத் திணித்து அடைப்பதுதான் கலப்பத்து. மழுங்கிய உளி போன்ற ஓர் இரும்பால் பஞ்சு நூலைச் சின்னச் சின்ன மடிப்பாக உள்ளே தள்ளி, மரச்சுத்தியால் அடிக்க வேண்டும். பக்கத்தில் நின்று கேட்டவர்களுக்கு அந்தச் சத்தம் மறக்காது. நூல் தளர்வாக இருக்கும்போது ‘தொப் தொப்’ என்று மந்தமாக வரும். இறுக இறுகச் சத்தம் மாறி, மரம் மணிபோல ‘டணக்’கென்று பதில் சொல்லும். அங்கே நிறுத்த வேண்டும். அதற்கு மேல் அடித்தால் நூல் உள்பக்கமாகப் பிதுங்கிவிடும், இல்லாவிட்டால் பலகையே வங்கை விட்டுக் கிளம்பும். காய்ந்த படகில் பள்ளம் அகலமாக இருக்கிறதே என்று கெட்டியாக அடைத்துவிடுகிறவர்கள் உண்டு. தண்ணீரில் இறக்கியதும் பலகை ஊறிப் பருக்கும், பருத்த பலகைக்கு இடம் இருக்காது, வங்கு உடையும். நன்றாகச் செய்கிறோம் என்று நினைத்துச் செய்கிற கெடுதல் இது.

ஸ்லோக்கம் முதலில் பஞ்சு நூலை அடித்து, அதன்மேல் தார் தோய்ந்த சணல் நாரை அடித்தார். வேடிக்கை பார்க்க வந்த கேப்டன்களில் ஒருவருக்குப் பஞ்சின் மேல் நம்பிக்கை இல்லை. பஞ்சு ஊர்ந்து வெளியே வந்துவிடும் என்று சாதித்தார். பலரும் தலையை ஆட்டினார்கள். ஸ்லோக்கம் கேட்டுக்கொண்டார், ஆனால் மாற்றவில்லை. பஞ்சு ஊரவில்லை. உலகப் பயணத்தில் ஆஸ்திரேலியாவைத் தாண்டிய பிறகு படகில் தண்ணீர் இறைக்கும் பம்பைப் பொருத்தவே வேண்டியிருக்கவில்லை என்று அவர் எழுதியிருக்கிறார்.

கலப்பத்து தவறினால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டில் கட்டிய ஒரு படகு சாட்சி. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் பம்பாயில் இந்தியத் தேக்கு மரத்தில் சுஹைலி என்ற 32 அடிப் படகைக் கட்டுவித்தார். 1964 டிசம்பரில் தேங்காய் உடைத்து அதைத் தண்ணீரில் இறக்கினார்கள். அதே படகில் அவர் 1968 ஜூன் 14 அன்று இங்கிலாந்தின் ஃபால்மத்திலிருந்து புறப்பட்டு, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றி, 1969 ஏப்ரல் 22 அன்று திரும்பினார். தனி ஆளாக நிற்காமல் சுற்றியது அதுவே முதல்முறை. ஆனால் கிளம்பிக் கொஞ்ச நாளிலேயே அட்லாண்டிக்கில் படகு ஒழுகத் தொடங்கியது. ஏராவை ஒட்டிய பலகை இணைப்பு நெகிழ்ந்திருந்தது. படகை நிறுத்திவிட்டுக் கடலில் குதித்து, மூச்சடக்கி அடியில் போய்க் கலப்பத்து அடிக்கப் பார்த்தார். ஒரு மூச்சுக்குள் அந்த வேலை முடியாது. கடைசியில் பஞ்சைக் கான்வாஸ் பட்டையில் தைத்து, அந்தப் பட்டையை இணைப்பின் மேல் வைத்துச் செப்பு ஆணிகளால் அடித்தார். நடுவில் ஒரு சுறா வந்து சுற்றியது, அதைச் சுட வேண்டியிருந்தது. கரையில் ஒரு மத்தியானம் பிடிக்கிற வேலை, கடலில் அப்படி ஆகிவிட்டது.

அவர் மாற்றியது எது, மாற்றாதது எது

வெள்ளைப் பைனில் மேல்தளம், ஆறங்குலச் சதுரத்தில் குறுக்கு உத்திரங்கள், இரண்டு சிறிய அறைகள், நியூ ஹாம்ப்ஷயர் ஸ்புரூஸில் பாய்மரம். அடிப்பக்கம் செம்புப் பெயின்ட் இரண்டு பூச்சு, மேல்பக்கம் ஈய வெள்ளை இரண்டு பூச்சு. சுக்கானை மாட்டினார், மறுநாள் தண்ணீரில் இறக்கினார். அளந்தபோது நீளம் 36 அடி 9 அங்குலம், அகலம் 14 அடி 2 அங்குலம், உள்ளறை ஆழம் 4 அடி 2 அங்குலம்.

இதில் ஒரு திருத்தம் மறைந்திருக்கிறது. பழைய ஸ்ப்ரேயின் பக்கங்கள் இவ்வளவு உயரம் இல்லை. சிப்பி அள்ளுகிற படகுக்குப் பக்கம் தாழ்ந்திருப்பதே வசதி, குனிந்து வலையை ஏற்றலாம். ஸ்லோக்கம் அதை நடுவில் 12 அங்குலம், முன்னால் 18 அங்குலம், பின்னால் 14 அங்குலம் உயர்த்தினார். ஆழ்கடல் அலை மேலே ஏறாமல் இருக்கத்தான். ஆனால் தண்ணீருக்கு அடியில் உள்ள உருவத்தில் கை வைக்கவில்லை. அகலமான, ஆழம் குறைந்த பழைய உடல் அப்படியே தொடர்ந்தது.

சீரமைப்பு பற்றி நான் சொல்ல விரும்புவதும் இதைத்தான். மரம் மாறலாம், ஆணி மாறலாம். படகு என்பது அதன் வளைவுகள். அந்த வளைவுகளை முதலில் போட்ட தச்சரின் பெயரோ வரைபடமோ நமக்கு இல்லை. பழைய பலகையும் பழைய வங்கும்தான் வரைபடம். ஒரேயடியாகப் பிரித்துப்போட்டால் அது போய்விடும். ஒவ்வொன்றாக எடுத்து, எடுத்த இடத்தில் புதியதை வைத்தால், மிச்சமிருக்கும் பழசு புதியதற்கு அச்சாக நிற்கும். ஸ்லோக்கம் அப்படித்தான் செய்தார், கால் காலாக, பலகை பலகையாக. எந்த இடத்தில் பழைய படகு முடிந்து புதியது பிறந்தது என்று தன்னாலேயே சொல்ல முடியவில்லை என்கிறார்.

உருவத்தைக் காப்பாற்றியதற்குப் பலன் கடலில் கிடைத்தது. 1895 ஏப்ரல் 24 அன்று பாஸ்டனிலிருந்து கிளம்பினார். வழியில் பாய்மரத்தைக் குட்டையாக்கி, பின்னால் ஒரு சின்னப் பாயைச் சேர்த்தார். அதன்பின் சுக்கானைக் கட்டிவிட்டால் படகு தானே திசை பிடித்து ஓடியது. ஆஸ்திரேலியாவின் வடமுனையை ஒட்டிய தர்ஸ்டே தீவிலிருந்து கீலிங் தீவுகள்வரை 2,700 மைல், 23 நாள். அதில் அவர் சுக்கானைக் கையில் பிடித்தது மொத்தமாக மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. அந்தக் குணம் பழைய சிப்பிப் படகின் வளைவுகளோடு வந்த சொத்து.

குறையும் அதே உடலில்தான் இருந்தது. அடியில் ஈயமோ இரும்போ தொங்கவில்லை. பாரம் எல்லாம் உள்ளேதான், சிமென்ட் கட்டிகள். இப்படி அகலமாகவும் ஆழமில்லாமலும் இருக்கும் படகு சாதாரணச் சாய்வில் கல்போல நிற்கும். ஓர் எல்லைக்கு மேல் கவிழ்ந்தால் தானே நிமிர்வது கடினம். பார்த்த உடனே ஸ்ப்ரேயைப் போலவே கட்டிக்கொண்டு கடலுக்குப் போக நினைப்பவர்களிடம் இதை மறைக்கக் கூடாது. ஸ்லோக்கத்தின் கையும் கண்ணும் அந்தப் படகில் இன்னொரு பாரமாக இருந்தன.

கட்டி முடித்த பிறகு

553 டாலருக்குத் திரும்ப வருவோம். அது மரம், போல்ட்டு, நார், பெயின்ட் இவற்றின் விலை. கேப்டன் பியர்ஸ் படகைக் கொடுத்தார், வேலை செய்ய இடம் இருந்தது, ஓக் பக்கத்திலேயே நின்றது, ஆலோசனை சொல்ல ஆள் இருந்தது. அப்படியும் நடுநடுவே திமிங்கிலக் கப்பல்களில் கூலி வேலைக்குப் போய்த்தான் சமாளித்தார், அதனால் ஃபேர்ஹேவனில் இருந்த காலம் 13 மாதத்துக்கும் மேல் நீண்டது. இலவசப் படகு வாங்கப் போகிறவர்கள் பையில் பணத்தை எண்ணுவதற்கு முன்னால் இதையெல்லாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முடிந்த சீரமைப்பு என்று ஒன்று மரப்படகில் கிடையாது. பயணத்தின்போது ஸ்லோக்கம் அதை நன்றாக அறிந்திருந்தார். உருகுவே கரையில் தரைதட்டியபோது மாண்டிவிடியோவில் பழுது பார்த்துக்கொண்டார். டாஸ்மேனியாவில் கரையேற்றி, மரம் துளைக்கும் கடற்புழு இருக்கிறதா என்று அடிமுதல் நுனிவரை தேடினார். ஒன்றும் இல்லை. இருந்தாலும் வெப்பக் கடலுக்குள் போகுமுன் இன்னொரு பூச்சு செம்புப் பெயின்ட் அடித்தார். அந்த ஒரு பூச்சில் அவருடைய அனுபவம் முழுக்கத் தெரிகிறது.

1909 நவம்பரில் அவர் அதே ஸ்ப்ரேயில் தென் அமெரிக்காவை நோக்கிக் கிளம்பினார். படகும் ஆளும் திரும்பவில்லை. கட்டி 16 வருஷம் ஆன படகு, 65 வயது மனிதர்.

சுஹைலிக்கு நேர்ந்தது வேறு. அதை மரியாதையோடு கிரீனிச்சின் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். கூரைக்கு அடியில், பத்திரமாக. ஆனால் அந்த உலர்ந்த காற்றில் தேக்குப் பலகைகள் சுருங்கத் தொடங்கின. பம்பாயில் அடித்த கலப்பத்து விட்டுப்போக ஆரம்பித்தது. 2002இல் நாக்ஸ்-ஜான்ஸ்டன் படகை வெளியே எடுத்துவிட்டார். பிறகு பல வருஷம் வேலை பார்த்து மறுபடி தண்ணீருக்கே கொண்டுவந்தார். மழைநீர் கெடுக்கும், வறட்சியும் கெடுக்கும். மரப்படகு நலமாக இருக்கும் இடம் உப்புத் தண்ணீர் மட்டும்தான்.

பழையதா புதியதா என்ற கேள்வியை ஸ்ப்ரே பற்றிப் பேசும்போது யாராவது எழுப்பாமல் இருக்கமாட்டார்கள். ஒரு பலகைகூட மிஞ்சவில்லையே, அப்புறம் எப்படி அதே படகு என்பார்கள். ஸ்லோக்கம் இதற்கு நீண்ட பதில் சொல்லவில்லை. 46,000 மைல் சுற்றி, 1898 ஜூன் 27 அன்று நியூபோர்ட்டில் நங்கூரம் போட்டார். அதோடு பயணம் முடிந்தது. அவருக்கு அது போதவில்லை. சில நாள் கழித்து, ஜூலை 3 அன்று, நல்ல காற்று பார்த்து, கரையை ஒட்டி ஓட்டிக்கொண்டு ஃபேர்ஹேவன் ஆற்றுக்குள் போனார். ஸ்ப்ரேயை முதல்முதலாகத் தண்ணீரில் இறக்கிய அன்று கட்டிவைப்பதற்காகக் கரையில் அடித்த தேவதாரு முளைக்குச்சி இன்னும் அங்கே நின்றது. படகை அதிலேயே கட்டினார்.